கோது பொறுக்கும் மாமா

நான் இதுவரை ஒரு துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வீட்டில் தோட்டா நிரப்புகிற பிறெஸ்ஸை எப்படிப்பட்ட மேசையில் பூட்டவேணும், எங்கே எண்ணெய் விடவேணும், எங்கே ஒரு துளியும் படக்கூடாது என்று நித்திரையிலும் சொல்லுவன். கலைப்பீடத்தில் மொழிபெயர்ப்புப் படிக்கிற ஒருத்திக்கு இது தேவையா என்றால், இல்லைதான். மாமாவுக்குத் தேவைப்பட்டது.

மாமா 90களில் கனடா போனவர். ரொறன்ரோவில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டு வேலைக்காக அல்பேர்ட்டா போய், அங்கே கூட வேலை செய்கிற ஆட்களோடு மான் வேட்டைக்குப் பழகிவிட்டார். அதற்கு வகுப்பு, பரீட்சை, லைசன்ஸ் எல்லாம் இருக்கு. தன் சொந்தப் பாவனைக்குத் தோட்டா நிரப்புவதும் அங்கே குற்றமில்லை. கடைத் தோட்டாவுக்குக் காசு கொடுத்துக் கட்டாது என்று, ஆரோ பாவித்த பச்சை நிறப் பிறெஸ் ஒன்றை வாங்கி கராஜுக்குள் வைத்தார். (ஆர்சிபிஎஸ் என்று பெயர். 1943இல் கலிபோர்னியாவின் ஒரோவில் ஊரில் தொடங்கின கொம்பனி. அந்த 'ஆர்சி' மலைப்பக்கத்தில் வாழும் ஒரு கொழுத்த அணில் சாதியின் பெயராம். அதைச் சுடச் சன்னம் செய்யத்தான் முதல் கருவி.) கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு வட்சப்பில் அனுப்பினார்.

"பிள்ளை, கதைக்கிற இங்கிலீஷ் எனக்கு ஓடும். இது எழுத்து இங்கிலீஷ். வடிவா வாசிச்சுத் தமிழில சொல்லு."

வேலை விளங்கக் கஷ்டமில்லை. சுட்ட கோதின் அடியில் இருக்கிற பழைய பிறைமரை ஊசியால் தள்ளி விழுத்தவேணும். வெடித்தபோது விரிந்த கோதை டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரவேணும். பிறகு புதுப் பிறைமர், அளந்த மருந்து, மேலே சன்னம். கைபிடியை இழுக்கத் தண்டு ஏறும், விட இறங்கும். பிறெஸ் என்கிறது அவ்வளவுதான்.

நான் சறுக்கினது ஒரு விகுதியில். கோதை டைக்குள் விடமுதல் மேலால் மெல்லிசாகக் கிறீஸ் பூசவேணும் என்று கையேட்டில் இருந்தது. நான் அவசரத்தில் 'பூசலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மாமாவும் பூசலாம்தானே என்று பூசாமல் விட்டார். பித்தளைக் கோது டைக்குள் இறுகிவிட்டது. பலம் கொடுத்து இழுக்க, மெல்லிய பலகை மேசை பிறெஸ்ஸோடு சேர்ந்து கிளம்பிவிட்டதாம். கோதின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, ஆணி பூட்டி இழுத்துத்தான் அதை எடுத்தார். "மேசையும் போச்சு" என்றார், கோபமில்லாமல். எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அடுத்தது மருந்துப் பக்கம். அதில் இப்படி ஒரு 'லாம்' விழுந்திருந்தால்?

அந்தப் பக்கத்தை மூன்று நாள் செய்தேன். எல்லாம் 'வேணும்', எல்லாம் 'கூடாது'. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்கவேணும். வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது. நிரப்பின கோதுகளை வரிசையாக நிறுத்தி, சன்னம் வைக்கமுதல் டோர்ச் அடித்து ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்க்கவேணும். ஒரு கோதுக்குள் இரண்டு தரம் மருந்து போனால் துவக்கு கையிலேயே வெடிக்கும். அளவு 'கிரெயின்' கணக்கில், ஒரு இறாத்தலுக்கு 7000. தானிய மணியின் பெயரால் வந்த நிறை என்று அறிந்தபோது, தட்டார் பொன் நிறுத்த குன்றிமணி ஞாபகம் வந்தது. இதை வொய்ஸ் மெசேஜில் சொல்லிக்கொண்டிருக்க, அம்மம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டா: "மருந்தோ? அவனுக்கு என்ன வருத்தம்?"

பராமரிப்புப் பக்கம் எனக்குப் பிடித்தது. பிறைமர் விழுகிற ஒவ்வொரு முறையும் கரித்தூள் தண்டில் கொட்டும்; அதைத் துடையாமல் விட்டால் தண்டைச் சுரண்டித் தின்னும். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசவேணும். ஆனால் எண்ணெய்க் கையோடு புதுப் பிறைமரைத் தொடக்கூடாது, அது செத்துப்போகும். தூளில் ஈயம் இருக்கு. கை கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கக்கூடாது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடமானதுக்கு வேறு காரணம் இருக்கு. அறைத்தோழி ஒருநாள் என் போனில் அந்தப் படங்களைக் கண்டுவிட்டு, "விசரே உனக்கு? உடனே அழி" என்றாள். அவள் சொன்னது சரி. 2019 மே மாதம் யாழ் பல்கலைக்கழக மாணவர் ஒன்றிய அறையில் இருந்த படங்களுக்காகத் தலைவரும் செயலாளரும் கைதானது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. அந்தத் தற்காலிகத்துக்கு என்னைவிட வயது கூட. பஸ்ஸில் வீட்டுக்குப் போகமுதல் படங்களை அழிப்பேன். திரும்பி வந்ததும் மாமா மறுபடி அனுப்புவார். வன்னியில் பிறந்த ஒரு பெட்டையின் போனில் இது மான் வேட்டைக்கு என்று ஆருக்கு விளங்கப்படுத்துறது? கடைசியில் படமே வேண்டாம், தலைக்குள் இருக்கட்டும் என்று விட்டேன்.

மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அனுப்பமாட்டார்.

அவர் சொன்ன ஒன்று மட்டும் தொண்டையில் நின்றது: "கோதை எறியக்கூடாது பிள்ளை. அதுதான் இதில விலை கூடின சாமான்." மீள்குடியேறி வந்த வருசம் எங்கட வளவில் கோது கிடந்தது, மழைக்குப் பிறகு இன்னும் கூட. தம்பி ஒன்றின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பழகினான், விசில் மாதிரிச் சத்தம் வரும். அம்மா கண்டுவிட்டு இரண்டு பேருக்கும் அடித்தா. ஊதினவன் அவன், பார்த்துக்கொண்டு நின்றது நான். அந்தக் கோதுகள் கறள் பிடித்தவை. பித்தளையென்றால் கறள் பிடிக்காது. அவற்றைப் பழைய இரும்புக்காரர் முதலே பொறுக்கியிருப்பார்கள். மிஞ்சினது இரும்புக் கோது. கையேட்டில் அதுக்கும் ஒரு பந்தி இருக்கு. மாமாவின் கோதின் அடியில் நடுவில் ஒரு துளை, ஊசி நேராகப் போகும். இராணுவங்கள் பாவிக்கிற சிலவகைக் கோதில் நடுவை விட்டுப் பக்கமாக இரண்டு சின்னத் துளை. பிறெஸ்ஸில் போட்டால் ஊசி முறியும். திருப்பி நிரப்புகிற யோசனையே இல்லாமல், ஒருதரம் சுட்டுவிட்டுப் போகச் செய்தவை.

போன நவம்பர் மாமா வேட்டையால் வந்து வீடியோ கோல் எடுத்தார். மான் கிடைக்கவில்லை. மூன்று வெடி, கையில் இரண்டு கோது. மற்றது பனிக்குள் விழுந்துவிட்டதாம், அரை மணித்தியாலம் முழங்காலில் நின்று தடவினாராம். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்னண்ணா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒரு கோது துலைஞ்சு போச்சடி."

அம்மா சிரித்தா. "இஞ்ச வாங்கோ. வளவைக் கொத்தினா ஒரு சாக்கு எடுத்துத் தாறன்."

அவையள் உங்கட பிறெஸ்ஸுக்குச் சரிவராது மாமா என்று வாய்வரை வந்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லேல்லை.