எம், கே, செமிகோலன்

புது லேப்டாப் வாங்கியவர்களைக் கேட்டால் ஸ்க்ரீன் எத்தனை இன்ச், ராம் எத்தனை ஜிபி, இ.எம்.ஐ. எத்தனை மாசம் எல்லாம் ஒப்பிப்பார்கள். உள்ளே என்ன சிப் என்று கேட்டுப் பாருங்கள். 'ஏதோ லேட்டஸ்ட் சார்' என்பார்கள். ரொம்ப நாளாக அந்தக் கேள்விக்கு அவசியமும் இருக்கவில்லை. விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. இரண்டும் ஒரே பாஷை பேசுபவை. 1978-ல் வந்த 8086 என்கிற சிப்பின் கொள்ளுப் பேரன்கள். இப்போது கடையில் மூன்றாவதாக ஓர் ஆசாமி வந்து உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஆர்ம்.

மூன்றாவது ஆசாமி என்றேனே தவிர, உங்கள் வீட்டுக்கு அவர் புதியவர் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் பல வருஷமாகக் குடியிருக்கிறார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இரண்டு பேர் வடிவமைத்த சிப். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் முறை ஓடியது. எவ்வளவு கரன்ட் குடிக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். பூஜ்யம். ஆனால் சிப் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது! குடைந்து பார்த்ததில், போர்டில் சிப்புக்குப் பவர் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. மற்ற கால்கள் வழியாகக் கசிந்து வந்த மின்சாரத்திலேயே சமாளித்திருக்கிறது. இப்படி ஒரு மருமகள் கிடைத்தால் எந்த மாமியார் விடுவார்? 2020 நவம்பரில் ஆப்பிள் தன் லேப்டாப்புகளில் எம்-1 என்ற பெயரில் ஆர்மைப் புகுத்தியது. விண்டோஸ் பக்கம் பல வருஷம் தட்டுத் தடுமாறி, 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் சிப் வைத்த லேப்டாப்புகள் வரிசையாக வந்தன. ஒரு முறை சார்ஜ் போட்டால் நாள் பூரா தாங்குகிறது. மடியில் வைத்தால் சுடுவதில்லை. எல்லாம் சரி.

படம் வரைகிற, வீடியோ வெட்டி ஒட்டுகிற, பாட்டு பதிகிற, புத்தகம் லே-அவுட் பண்ணுகிற சாஃப்ட்வேர் ஒன்றைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து இதில் போடுகிறீர்கள். இன்ஸ்டால் ஆகிறது. ஐகானை இரண்டு தடவை தட்டுகிறீர்கள். அழகான முகப்புப் படம் அரை நொடி வந்து காணாமல் போகிறது. பிழைச் செய்தியாவது வருகிறதா? மூச்! மறுபடி தட்டினால் மறுபடி அதே தரிசனம்.

ஏன் என்பதைச் சொல்ல நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இந்த உதாரணம் கிடைக்காது. பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கிறதா? பாமினியில் 'அம்மா' என்று அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எம், கே, செமிகோலன், கே, ஹெச் என்று ஆங்கில எழுத்தாக வரும். ஃபைலில் எதுவும் மாறவில்லை. உள்ளே இருக்கும் எண்கள் அதே எண்கள். அந்த எண்ணுக்கு இவர் 'அ' என்கிறார், அவர் 'எம்' என்கிறார், அவ்வளவுதான். சாஃப்ட்வேரும் கடைசியில் இப்படி ஓர் எண் வரிசைதான். இன்டெல்லுக்கு 'இந்த இரண்டையும் கூட்டு' என்று அர்த்தமாகும் எண், ஆர்முக்கு வேறு ஏதோ அர்த்தமாகும், அல்லது அர்த்தமே ஆகாது. இன்டெல் கட்டளைகள் ஒரு பைட்டிலிருந்து பதினைந்து பைட் வரை நீளம் மாறும். 64-பிட் ஆர்மில் எல்லாம் கறாராக நான்கு பைட். எங்கே ஒரு வார்த்தை முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்பதிலேயே சண்டை.

பின்னே இன்டெல்லுக்கு எழுதிய சாஃப்ட்வேர் எப்படித்தான் இதில் ஓடுகிறது? நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். விண்டோஸில் இப்போதைய ஆளின் பெயர் பிரிசம். மேக்கில் ரோசெட்டா. நிஜமாகவே கெட்டிக்காரர்கள். முக்கால்வாசி சாஃப்ட்வேருக்கு இப்படி ஒருத்தர் நடுவில் இருப்பதே தெரியாது. ஆனால் அவர்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் டைனிங் ஹால் வரை மொழிபெயர்ப்பாளர் கூட வருவார். 'இவருக்கு இன்னொரு கரண்டி ரசம்' என்று கேட்டு வாங்கித் தருவார். சமையல்கட்டுக்குள் அவருக்கு அனுமதி கிடையாது. அங்கே போகிறவர்களுக்குச் சமையல்காரர் பாஷை தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் சமையல்கட்டில் நடமாடுபவை டிரைவர்கள். பிரிண்டர், படம் வரையும் பேனா-பலகை, இசைக் கருவி இணைப்பு இதெல்லாம் ஹார்டுவேரோடு பேச வைத்திருக்கும் குட்டி சாஃப்ட்வேர்கள். அதில் ஆழமாக இறங்கிப் பேசும் பகுதியை ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், எழுதவில்லை. பிரிசமும் ஒன்றும் செய்ய முடியாது, பிரம்மாவும் ஒன்றும் செய்ய முடியாது.

சத்தம் போடாமல் செத்துப் போவதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. 2011 வாக்கில் இன்டெல் சிப்புகளில் ஏ.வி.எக்ஸ். என்று ஒரு கூடுதல் கட்டளைத் தொகுப்பு வந்தது. வீடியோ, சங்கீத ஆசாமிகளுக்கு அது உயிர். ஆரம்பித்த உடனே 'ஏ.வி.எக்ஸ். இருக்கிறதா?' என்று விசாரித்து, இல்லை என்றால் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். ரோசெட்டா 2024-ல், பிரிசம் அதற்கப்புறம். அதனால் லேப்டாப் வாங்கிய நாள் முதல் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போட்டு வருபவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள். எத்தனையோ பேருக்குப் பிரச்னை அத்தோடு தீர்ந்திருக்கிறது. முப்பரிமாணப் படம் காட்டுகிற சமாசாரங்கள் ஓப்பன்-ஜி.எல். கேட்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கென்று ஓர் இணைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மேக்காரர்களுக்கு வேறு தலைவலி. சாஃப்ட்வேர் ஆர்முக்கு மாறியிருக்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கின ப்ளக்-இன் பழைய இன்டெல்லாகவே இருக்கும். ஒரே இலையில் இரண்டு பாஷை சாப்பிடாது. சாஃப்ட்வேரின் 'கெட் இன்ஃபோ'வில் போய் 'ஓப்பன் யூசிங் ரோசெட்டா' என்பதை டிக் அடித்தால் முழுசாகப் பழைய பாஷைக்குப் போய் ப்ளக்-இன் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக.

திருவல்லிக்கேணியில் எனக்கு ஒரு டி.டி.பி. நண்பர். வயது அறுபதைத் தொடுகிறது. ஈய எழுத்து பொறுக்கி அச்சுக் கோத்ததில் ஆரம்பித்து, கம்ப்யூட்டருக்கு வந்தவர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், சொந்தக் காசில் கவிதைப் புத்தகம் போடுபவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. பழைய டெஸ்க்டாப் மழைக்காலத்தில் மதர்போர்டு போய் மண்டையைப் போட்டது. வெளிநாட்டில் இருக்கும் பையன் ஆசையாக ஒல்லி லேப்டாப் ஒன்று அனுப்பினான். ஆர்ம்.

போன் பண்ணினார். "சார், நீங்க இதெல்லாம் எழுதுவீங்களே, ஒரு எட்டு வந்து பாருங்க. படம் காட்டிட்டு ஓடிடுது சார்."

அவரிடம் இருந்தது ஒரு தமிழ் லே-அவுட் சாஃப்ட்வேர். பதினெட்டு வருஷம் முன்பு வாங்கியது. பெயர் வேண்டாம். அந்தக் கம்பெனியின் போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. திருட்டுக் காப்பியைத் தடுக்க அதோடு கட்டைவிரல் சைஸில் ஒரு யு.எஸ்.பி. துண்டு தருவார்கள். டாங்கிள். அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் கண் விழிக்கும். லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் அதன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், ஆச்சரியக்குறி. சமையல்கட்டு கேஸ். சாஃப்ட்வேரைப் பிரிசம் மொழிபெயர்த்து உட்கார வைத்துவிட்டது. அது 'என் டாங்கிள் எங்கே?' என்று கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய டிரைவருக்கு ஆர்ம் தெரியாது. ஆகவே அரை நொடி தரிசனம்.

"கம்பேட்டிபிலிட்டி டேப்ல எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் சார்" என்றார். பார்த்திருப்பார். அதெல்லாம் டைனிங் ஹால் ஏற்பாடுகள்.

இதில் அவசரம் என்ன என்று கேட்பீர்கள். முடிச்சூரில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்பு, 200 பக்கம், நண்பரின் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கையெழுத்துப் பிரதி 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. முதல் பதிப்பின் பிரதி ஒன்று மிச்சம். ஆனால் அதற்கப்புறம் ஆசிரியர் வாரா வாரம் கடைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்த திருத்தங்கள், சேர்த்த இரண்டு புதுக் கட்டுரைகள், எல்லாம் அந்த ஃபைலில் மட்டும். தை மாசம் அவருக்குச் சதாபிஷேகம். அன்றைக்கு இரண்டாம் பதிப்பு வெளியீடு என்று குடும்பம் முடிவு பண்ணியிருந்தது. ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. எழுத்துருக்களும் பத்திரம். எழுத்துரு என்பது வெறும் தகவல்தானே, அதற்கு எந்த சிப் என்கிற கவலை கிடையாது. ஃபைலும் இருக்கிறது. திறக்கத் தெரிந்த ஒரே ஆள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கிறார்.

"பையன் மேக் வாங்கி அனுப்பிச்சிருந்தா ஓடியிருக்குமா சார்?"

இந்த விண்டோஸ் சாஃப்ட்வேர் அங்கே வாசல்கூட மிதித்திருக்காது. மேக்காரர்களுக்கும் ஒரு சேதி: மொழிபெயர்ப்பாளர் நிரந்தர உத்தியோகஸ்தர் இல்லை. 2006-ல் ஆப்பிள் பவர்-பி.சி.யிலிருந்து இன்டெல்லுக்கு மாறியபோது முதல் ரோசெட்டா வந்தது. 2011-ல் லயன் என்ற பதிப்போடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றோடு பலபேருடைய பழைய சாஃப்ட்வேர் சாஸ்வதமாகத் தூங்கிற்று. இப்போதைய ரோசெட்டாவுக்கும் 2025 ஜூனில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மேக் ஓ.எஸ். 27 வரைதான் முழுச் சேவை. அப்புறம் பழைய விளையாட்டுகள் சிலவற்றுக்கு மட்டும்.

நண்பரையும் கூட்டிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு கடையில், ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட இன்டெல் டெஸ்க்டாப், விண்டோஸ் 7-உடன், ஆறாயிரத்து ஐந்நூறு சொல்லி ஆறாயிரத்துக்குப் படிந்தது. இன்டர்நெட் ஒயரை மட்டும் அதில் செருகாதீர்கள் என்று சொல்லி வைத்தேன் (விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது). கடைக்கு வந்து டாங்கிளைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சாஃப்ட்வேர் திறந்தது. ஃபைல் பெயரைத் தட்டுவதற்கு முன் நண்பர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர், கீழே 'இரண்டாம் பதிப்பு'.

அன்றே 200 பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக்கி இரண்டு இடத்தில் வைத்தோம். அச்சகத்துக்கு அது போதும். ஆனால் பி.டி.எஃப். என்பது போட்டோ மாதிரி, மூன்றாம் பதிப்புக்கு உதவாது. எழுத்தை யூனிகோடுக்கு மாற்றினால்தான் எந்த சிப்பிலும் பிழைக்கும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுதான் தரம் என்று அறிவித்தாகிவிட்டது. தெருவுக்கு வந்து சேரத்தான் நாளாகிறது. எழுத்துரு மாற்றும் சாஃப்ட்வேரில் போட்டு எடுத்தோம். தமிழ் பூரா முத்து முத்தாக வந்தது. கட்டுரைகளுக்கு நடுவே அவர் மேற்கோள் காட்டியிருந்த ஆங்கில வரிகளையும் அந்தச் சாஃப்ட்வேர் விடாமல் தமிழாக்கியிருந்தது. ஜி.யு. போப் சொன்னது அத்தனையும் வாயில் நுழையாத மெய்யெழுத்துக் குவியல். அம்மா எம்-கே ஆனதற்குப் பழி வாங்கிவிட்டாள்.

இதை ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்தியாக வேண்டும். முதல் பதிப்பை மடியில் வைத்துக்கொண்டு நண்பர் திருத்திக்கொண்டிருக்கிறார், பையன் அனுப்பிய அந்த ஒல்லி லேப்டாப்பில். யூனிகோடு என்பதால் அதற்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. கரன்ட் போனாலும் வேலை நிற்பதில்லை என்று சந்தோஷப்படுகிறார். நேற்று பேசியபோது 140-ஆம் பக்கம் தாண்டியிருந்தார். சாயந்திரம் கடை சாத்தின பிறகு ஆசிரியரும் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம், இந்தச் சாக்கில் இன்னொரு கட்டுரையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டபடி.