சாயம் அறியாச் சிரல்

சிரலே! மீன்கொத்தியே! நொய்யற் கரையின் நீலமே! வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையும் திருப்பூரும் கடந்து, காவிரியில் கலக்கும்வரை அந்த ஆறு நடந்த வழியெல்லாம் உனக்கு வேட்டைநிலமாய் இருந்ததே! இன்று திருப்பூருக்குக் கீழே நின்று உன்னை விளிக்கிறேன். மறுகுரல் இல்லை.

உன் இனம் அழியவில்லை, ஐரோப்பா முதல் ஆசியக் கீழ்க்கரை வரை வாழ்கிறது என்பார்கள். வாழட்டும். நான் அழுவது இவ்வாற்றின் சிரலுக்கு.

சாணுக்கும் குறைந்த உடல். முப்பது கிராமை ஒட்டிய எடை. அச்சிற்றுடலில்தான் எத்தனை தேர்ச்சி! நீர்மேல் சாய்ந்த கொம்பில் தலைதாழ்த்தி இருப்பாய். கணத்தில் பாய்ந்து மீள்வாய். துள்ளும் மீனைக் கொம்பில் அறைந்து அடக்கி, செதிலும் முள்ளும் தொண்டையில் தடுக்காதபடி தலைமுன்னாக விழுங்குவாய். செவ்வலகுப் பேடைக்கு ஊட்டும்போதோ, மீன்தலை அவள்பக்கம் இருக்கத் திருப்பிப் பிடித்து நீட்டுவாய். அந்த ஒரு திருப்பலில் இருந்த பரிவுக்கு ஈடாக நான் கண்டவை சிலவே.

உன் முதுகின் நீலத்தில் சாயமே இல்லை. இறகின் நுண்ணமைப்பில் பட்டுச் சிதறும் ஒளியே நீலமாய் நின்றது. சாயமின்றி ஒளிர்ந்த உன்னைச் சாயத்தாலேயே தொலைத்தோமே! பனியன் துணிக்குத் தோய்த்த நிறமெல்லாம் ஆற்றில் இறங்கியது. ஒருநாள் சிவப்பாய், ஒருநாள் கருப்பாய் ஓடிற்று நொய்யல். உப்பேறிய நீரில் மீன் மாண்டது. எஞ்சிய மீனும் நிறக்கலங்கலில் உன் கண்ணுக்கு மறைந்தது. பார்வையால் பிழைக்கும் உயிர் நீ. நீரே இருண்டபின் என் செய்வாய்?

பாசனத்துக்கென 1992இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. உழவர் நெடுங்காலம் போராடிப் பெற்ற தீர்ப்பு அது, வணங்குகிறேன். ஆயின் அதற்குள் எத்தனை ஈற்றுப்பருவங்கள் கழிந்தன!

செங்குத்தான மண்கரையில் முழநீளத்துக்கும் மேலாக வளை குடைந்து, உள்ளறையில் ஆறேழு வெண்முட்டை இடும் குடி உன் குடி. அக்கரையையும் ஊருக்குள் சுவராக்கிவிட்டோம். கான்கிரீட்டில் எந்த அலகு இறங்கும்? நாளை நீர் தெளிந்தாலும் உன் பேடைக்கு மண் வேண்டுமே! அம்மண்ணைக் கேட்டு எம்மன்றம் ஏறுவேன், சிரலே?