எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா?

கரண்ட் போனதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வந்து எதிர்வீட்டை எட்டிப் பார்க்கிறோம். அங்கேயும் இருட்டென்றால் அது மின்வாரியத்தின் பாடு. அங்கே விளக்கு எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கை வந்து பயமுறுத்தும்போதும் இதே வழிதான், சகோதரிகளே!

பாங்க், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. 'இந்த முகவரிக்கு உரியவர் இவர்தான்' என்பதற்கு அதுவே அத்தாட்சி. மருந்து பாட்டிலில் இருப்பதுபோல அதிலும் ஆரம்பத் தேதி, காலாவதித் தேதி இரண்டும் உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்கள் நம் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை வைத்தே அதைச் சரிபார்க்கின்றன.

2023-ம் வருஷம், எங்கள் பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பணம் கட்ட உட்கார்ந்தால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை! பக்கத்து வீட்டுப் பையன், "கீழே 'அட்வான்ஸ்டு'ன்னு இருக்கும் ஆன்ட்டி. அதை அமுக்கி உள்ளே போயிடலாம்" என்றான்.

"இருப்பா, பாங்க் பாஸ்வேர்டு போடற இடம். முதல்ல என்னன்னு பார்ப்போம்" என்றேன்.

என் செல்போனில் வை-ஃபையை அணைத்துவிட்டு, போனின் சொந்த இணைப்பிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உடனே திறந்தது. ஆக, கோளாறு எங்கள் வீட்டில்தான். திரையின் மூலையில் பார்த்தால் தேதி 2012, ஜனவரி 1! அந்தத் தேதிப்படி கல்லூரியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் எப்படி நம்பும்? தேதியையும் நேரத்தையும் திருத்தி, பிரவுசரை மூடித் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்குள் பணமும் கட்டியாயிற்று.

காரணம் என்ன தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் காசளவு பட்டன் செல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் செல். சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருஷங்களில் அது தீர்ந்துவிடும். மறுநாள் கடைக்காரரிடம் சொல்லிப் புதிதாகப் போட்டோம்; அதன் பிறகு தேதி பின்னால் போகவில்லை.

தேதி சரியாக இருந்தும் பல பக்கங்கள் திறக்காவிட்டால், இயந்திரம் பழசாகியிருக்கலாம். 2021 செப்டம்பர் 30-ந் தேதி, ஏராளமான தளங்களுக்கு ஆதாரமாயிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாயிற்று. அப்போது புதுப்பிக்கப்படாத பழைய கம்ப்யூட்டர்களும் போன்களும் பல நல்ல தளங்களையே திறக்க மறுத்தன. பிரவுசரையும், முடிந்தால் இயந்திரத்தின் மென்பொருளையும் அப்டேட் செய்யுங்கள்.

ஓட்டலிலோ ரயில் நிலையத்திலோ இலவச வை-ஃபையில் மட்டும் எச்சரிக்கை வருகிறதா? அவர்களுடைய நுழைவுப் பக்கம் குறுக்கே நிற்கலாம். பணம் கட்டும் வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும், எந்தப் போனில் பார்த்தாலும் தகராறு செய்தால் கோளாறு அவர்களுடையது. சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம், விஷமமாகவும் இருக்கலாம். நம்மால் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்வேர்டோ, கார்டு எண்ணோ, ஓ.டி.பி.யோ போடாமல் வெளியே வந்துவிடுங்கள். பாங்க் என்றால் பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

எச்சரிக்கை வராததாலேயே எல்லாம் நல்ல தளம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏமாற்றுக்காரனும் தன் போலி முகவரிக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம். இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் குரோம் 2023-ல் முகவரிக்கு அருகே இருந்த பூட்டுப் படத்தை மாற்றிவிட்டது. எனவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அப்படியும் பணம் பறிபோய்விட்டால், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். உடனே பாங்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள்.