இலையில் குறையும் கூலி

2024 ஏப்ரலில் குடிமைப் பணித் தேர்வு முடிவுகள் வந்தபோது, செங்கோட்டையைச் சேர்ந்த பீடித் தொழிலாளி ஒருவரின் மகள் தேர்ச்சி பெற்ற செய்தி நாளிதழ்களில் வந்தது. பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஆயிரம் பீடி சுற்றினால் அந்தத் தாய்மார் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கு நான் படித்த எதிலும் இல்லை. ஆசிரியையாக இருக்கும் தோழியிடம் இதைச் சொன்னேன். “எங்க சித்தி வீட்டுக்கு வா, கணக்கு அவங்ககிட்ட இருக்கு” என்றாள்.

ஆலங்குளத்துக்கும் முக்கூடலுக்கும் இடையில் இருக்கிறது அந்த ஊர். மழையையும் கிணற்றையும் நம்பிய பூமி. வயலில் வேலை இல்லாத மாதங்களே அதிகம். வருஷம் முழுக்கப் பெண்களுக்குக் கிடைக்கிற வேலை பீடி ஒன்றுதான். வாசல்தோறும் மடியில் சொளவோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணுக்கு பீடி சுத்தத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்களாம்.

“உள்ள வாங்க. தூள் நெடி தாங்குவீயளா?” என்றார் சித்தி. ஐம்பதைத் தாண்டியவர். பேசும்போதும் கை நிற்கவில்லை.

முதல் நாள் நனைத்துச் சாக்கில் பொதிந்து வைத்த இலையை வெட்டிக்கொண்டிருந்தார். தகர அளவை இலைமேல் வைத்து, ஓட்டையும் தடித்த நரம்பும் விழாதபடி திருப்பி, நான்கு வெட்டு. அந்தக் கத்தரியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கருத்த இரும்பு. சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. கட்டைவிரல் நுழையும் வளையத்தில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தார். அந்தத் துணியையும் மீறி விரலின் அடியில் புளியங்கொட்டை போலக் காய்ப்பு.

“இது எங்கம்மா கத்தரி. கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டத்தோட இதையும் குடுத்தா. எனக்குப் பத்து வயசிருக்கும்போதே இதாலதான் வெட்டிப் பழகினேன். புதுசு ஒண்ணு வாங்கினேன், கை ஒத்துக்கல.”

சுற்றுவது கண்ணுக்குப் பிடிபடாத வேகம். ஒரு சிட்டிகைத் தூள், ஓர் உருட்டல், நூலில் ஒரு கட்டு, நகத்தால் முனை மடக்கு. கணக்கு அதில் இல்லை, வெட்டுவதில்தான் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் ஆதிவாசிகள் பறித்துக் காயவைத்த இலை, மூட்டை மூட்டையாக இங்கே வருகிறது. பீடிக்கடையில் அதை நிறுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வது எண்ணி.

“இலை நல்லாருந்தா ஆயிரம் தேறும். இப்படி ஓட்டையா வந்தா எண்ணூறைத் தாண்டாது.”

“மிச்சத்துக்கு என்ன செய்வீங்க?”

“காசு குடுத்து வெளிய இலை வாங்கணும்லா. கொறைஞ்சா கூலில புடிப்பாங்க.”

முதலாளி கொடுத்த சரக்கு மோசம் என்றால் நட்டம் முதலாளிக்குத்தானே வர வேண்டும்? இங்கே அது சொளவோடு வாசலில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது. கூலி கைக்கு வருமுன்பே அதில் ஒரு பங்கு இலையாகக் கழிந்துபோகிறது.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது அது. கேரளம் அதை அமலாக்கத் தொடங்கியதும் பெரிய கம்பெனிகள் கண்ணூர்ப் பக்கம் கொட்டகைகளை மூடிவிட்டுப் போயின. வேலை இழந்த ஆயிரக்கணக்கானோருக்காக 1969இல் அங்கே தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டபடியே சுற்றிய கூடங்கள் அவை. நம் பெண்களுக்கு அப்படி ஒரு கூரை வாய்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனி வாசலில். எதிரே முதலாளி இல்லை, கடைக்காரர் மட்டும். இலையைப் பற்றிக் கேட்டால் “கம்பெனி அனுப்புனது” என்பார், கூலியைக் கேட்டால் “கம்பெனி சொன்னது” என்பார். நடுவில் நிற்பவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லாதபடி கச்சிதமாகச் செய்த ஏற்பாடு இது. இதற்கு என்ன நியாயம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

சாயங்காலம் சித்தியோடு பீடிக்கடைக்குப் போனேன். 25 பீடி ஒரு கட்டு. பரிசோதிக்கிறவர் கட்டுகளை உள்ளங்கையில் தட்டிப் பார்த்து, இரண்டைத் தூக்கிப் பக்கத்துப் பெட்டியில் போட்டார். கழிவாம். அதற்குக் கூலி இல்லை, பீடியும் திரும்ப வராது. கழித்தது குப்பைக்குப் போவதில்லை என்பது வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். “கெட்ட பீடின்னா எங்கிட்டயே குடுத்துருங்கண்ணே” என்று சித்தி கேட்டார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

திரும்பும் வழியில்தான் குடும்பக் கதை வந்தது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததும் அவர் பேரில் புதிதாகத் தொழிலாளர் கார்டு போட மறுத்துவிட்டார்கள். மாமியார் பாஸ் புத்தகத்திலேயே பதினோரு வருஷம் சுற்றியிருக்கிறார். பிஎஃப் பணம் மாமியார் பெயரில் சேர்ந்தது. கடைசியில் அது கொழுந்தன் கல்யாணத்துக்குச் செலவானது. வீட்டுக்காரர் அப்போது கேரளத்தில் கொத்து வேலை. “அத்தையும் எங்கூட உக்காந்து முனை மடக்குனவதான். அவளைக் குத்தம் சொல்லி என்ன? எம்பேரு எங்கயுமே இல்ல, அதான் மனசு ஆறல.”

பேர் இல்லாவிட்டால் பிஎஃப் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கான உதவித்தொகை, முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை எல்லாமே தூரமாகிவிடும். 1976இல் வந்த நலநிதிக்கென்று பீடியிலிருந்தே பிடித்த தீர்வையும் 2017இல் ஜிஎஸ்டியோடு போய்விட்டது.

பிறகு தொழிற்சங்கத்தார் துணையோடு அலைந்து சித்தி சொந்தக் கார்டு வாங்கினார். மூத்த மகள் நர்ஸிங் முடித்து மதுரையில் வேலை பார்க்கிறாள். சின்னவள் கல்லூரிக்குப் போய்வந்து அம்மாவோடு உட்காருகிறாள். கார்டைக் காட்டும்போது பிஎஃப் படிவத்தின் நகலையும் எடுத்து நீட்டினார் சித்தி. நியமனதாரர் கட்டத்தில் இரண்டு மகள்களின் பெயர்கள். எதிரே ஆளுக்கு 50 சதவீதம்.

“அவங்க அப்பா பேரு வேண்டாமான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. அவருக்கும் சேத்து நாந்தான் சுத்துறேன், பிள்ளைக பேரையே எழுதுங்கன்னேன்.”