விற்காத பக்கம்

மாப்பிள்ளையின் பட்டாசுக் கடைக்கு முகநூல் பக்கமும் வாட்ஸ்அப்பும் நான்தான் பார்க்கிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது, நீண்ட கட்டுரையை நாலு வரியாகச் சுருக்கப் பழக்கினார்கள். ஆனைக்குட்டத்தில் அது இப்போது கைகொடுக்கிறது.

எல்லாக் கடைகளும் விற்பதற்காகப் பக்கம் நடத்தும். எங்களுக்கு அது ஆகாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது. ஆனாலும் தீபாவளி நெருங்கினால் 'சிவகாசி விலை, பாதிக்குப் பாதி' என்று போலித் தளங்கள் முளைக்கும். பணம் போகும், பெட்டி வராது. சைபர் கிரைம் போலீசார் எச்சரித்தும் ஜனங்கள் ஏமாறுகிறார்கள்.

அதனால் நான் போடுவது மூன்றே விஷயம்: கடையின் உரிமம், வரும் வழி, பசுமைப் பட்டாசுப் பெட்டியில் பார்க்க வேண்டிய நீரி முத்திரையும் க்யூஆர் குறியீடும். "ஜிபே பண்ணட்டுமா சார்?" என்று கேட்பவர்களுக்கு, "வேண்டாம், நேரில் வாருங்கள்" என்று பதில் போடுவேன்.

"கைக்கு வர்ற ஆர்டரை விடுறீங்களே மாமா" என்பார் மாப்பிள்ளை. அவர் சொல்வதும் நியாயம்தான். அப்படிக் கேட்டவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. போன தீபாவளிக்கு மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், வாசலிலேயே கேட்டார்: "பணம் அனுப்ப வேண்டாம்னு சொன்ன கடை இதுதானே?"

அந்தப் பெயர் நிலைத்தால் போதும் என்கிறேன் நான். மாப்பிள்ளை இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.