பாதை ஏறும் முன்

திருகோணமலையிலிருந்து சீனக்குடா வழியாகக் கிண்ணியாவுக்குச் சென்றிருக்கிறீர்களா? இன்று 396 மீற்றர் நீளமான பாலத்தில் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடலாம். 2009ஆம் ஆண்டு அது திறக்கப்படும்வரை, இந்த நீரைக் கடக்க "பாதை"யில்தான் ஏற வேண்டும். வாகனங்களையும் ஆட்களையும் சுமந்து செல்லும் மிதவைக்குக் கிழக்கு மாகாணத்தில் பெயரே பாதைதான்.

ஓர் இரும்பு ஆணி நீரில் அமிழ்ந்துவிடுகிறது. லொறியைச் சுமக்கும் இரும்புப் பாதை மட்டும் எப்படி மிதக்கிறது?

விடை உங்கள் வீட்டுக் கிணற்றிலேயே இருக்கிறது. நிறைந்த வாளி நீருக்குள் இருக்கும்வரை பாரம் தெரிவதில்லை. நீரை விட்டு வெளியே வந்ததும்தான் கை கனக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் நிறையளவுக்கு நீர் அதை மேலே தள்ளுகிறது. 2200 ஆண்டுகளுக்கு முன் ஆக்கிமிடிஸ் கண்ட மேலுதைப்பு இதுதான்.

பிள்ளைகளிடம் ஒரு வெறும் பால்மாப் பேணியைக் கொடுத்துப் பாருங்கள். வாளித் தண்ணீரில் அது மிதக்கும். அதையே நசுக்கித் தட்டையாக்கிப் போட்டால் அமிழ்ந்துவிடும். தகரம் அதேதான், விலக்கும் நீர்தான் குறைந்துவிட்டது. இன்னொரு பேணியில் கற்களை நடுவில் வையுங்கள், நேராக நிற்கும். அதே கற்களை ஓர் ஓரமாகத் தள்ளினால் சரிந்து, நீர் புகுந்து மூழ்கும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் உள்ள ஒரு மிதவை, ஒரு சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் 240 லீற்றர் நீரை விலக்கும். அது ஏறக்குறைய நான்கு பெரியவர்களின் நிறை. நான்கு பேருக்கு ஒரு சென்ரிமீற்றர்தானே என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றும். "இன்னும் நாலு பேர் ஏறலாம்" என்ற பேச்சு பிறப்பது அங்கேதான். ஆனால் ஏறியவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினால், அந்தப் பக்கம் மட்டும் தாழும். தாழ்ந்த பக்கத்துக்கே மற்றவர்களும் சரிவார்கள்.

2021 நவம்பர் 23ஆம் திகதி, இதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மக்கள் பயன்படுத்திய இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிஞ்சுகளும் உயிரிழந்தனர்.

நீர் தன் கணக்கில் ஒருபோதும் பிழை விடுவதில்லை. ஆகவே, அடுத்த முறை தோணியிலோ பாதையிலோ ஏறும்போது, அதன் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளை நடுவில் இருத்துங்கள். கூட்டம் மிகுந்தால், அடுத்த தடவை போகலாம் என்று கரையிலேயே நின்றுவிடுங்கள்.