சார் கேட்டால் கொடுத்துவிடுவதா?

வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில், பி.எஃப். படிவத்துக்கும் அடையாள அட்டை விண்ணப்பத்துக்கும் நடுவே இன்னொரு தாளும் இருக்கும். அலுவலக இணையத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பாஸ்வேர்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அண்மையில் வேலைக்குச் சேர்ந்த என் அண்ணன் பேத்தியிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஐ.டி. டீம் பாத்துக்குவாங்க, சின்னத் தாத்தா" என்றாள். ஐ.டி. டீமின் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது வங்கியில் காலம் தள்ளிய என் எண்ணம்.

எங்கள் காலத்து வங்கிக் கிளையில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், மற்றது ஹெட் கேஷியரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மேனேஜர் லீவில் போனால் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போக மாட்டார். பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட்ட பிறகே அது கைமாறும். வருஷக்கணக்கில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்களுக்கும் அதே முறைதான். "என்ன, என்னை நம்பலையா?" என்று யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சாவியை இடுப்பிலிருந்து இறக்காத அதே மேனேஜர், மாதக் கடைசி நெரிசலில், தன் அறையிலிருந்தபடியே ஹால் முழுக்கக் கேட்கும்படி பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னார். சாவியைக் கொடுத்தால் நம் கை காலியாகிறது, அதனால் மனசு உறுத்துகிறது. பாஸ்வேர்டைச் சொன்ன பிறகும் அது நம்மிடமே இருக்கிறது. எதையும் இழந்ததாகத் தோன்றுவதில்லை. வினையே அங்கேதான். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும் என்றுதான் இரண்டு லாகின் ஐ.டி. வைத்தார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் போய்விட்டால் சரிபார்ப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

ஒரு கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி, ஒரு பற்று வரவு யார் ஐ.டி.யில் பதிவாகியிருக்கிறது என்று பிரிண்ட் எடுத்தார். பக்கத்தில் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்தார். அந்தத் தேதியில் அந்தப் பெண் லீவு. உடம்பு சரியில்லாத மாமியாரோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர், அதே நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்து பணம் மாற்றியதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது. அவர் ஒரு பைசா தொட்டவரில்லை. "அவசரம்னு சார் கேட்டார், சொல்லிட்டேன்" என்பதற்கு மேல் அவரிடம் பதிலும் இல்லை. உண்மை பின்னால் வெளியே வந்தது. அதுவரை விளக்கக் கடிதம் எழுதி எழுதி அவர் இளைத்துப்போனார். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு சொல்கிறது. அது பயன்படுத்தியவருக்கு. கொடுத்தவர், தான் அந்த இடத்திலேயே இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறதே, அந்த அலைச்சல் எந்தப் பிரிவிலும் வராது.

பெரியவர் கேட்டால் மறுப்பது நமக்குக் கஷ்டம். அப்படி வளர்க்கப்பட்டவர்கள் நாம். முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. "சார், நானே வந்து போட்டுத் தர்றேன்" என்று எழுந்து போங்கள். இல்லாவிட்டால் "உங்க பேர்லயே அக்சஸ் குடுக்கச் சொல்லி இப்பவே மெயில் போட்டுடறேன் சார்" என்று சொல்லுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டுமே. நிர்வாகத்தின் மீதும் பாதிக் குற்றம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் தர இரண்டு வாரம் இழுத்தடித்தால், அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கடன் வாங்காமல் என்ன செய்வார்?

இணையம் பார்க்கும் ஒழுங்கும் இதோடு சேர்ந்ததுதான். 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை இணையத் திருடர்கள் உருவப் பார்த்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி, பெறுபவரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையால் சந்தேகம் வந்து தடுக்கப்பட்டது. இதன் தொடக்கம் அதற்கு முந்தைய ஆண்டு ஊழியர்களுக்கு வந்த சாதாரண மின்னஞ்சல். வேலை கேட்டு ஒருவர் பயோடேட்டா அனுப்பியிருப்பதாகப் பாவனை. யாரோ கிளிக் செய்தார்கள். உள்ளே நுழைந்தவர்கள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வேவு பார்த்திருக்கிறார்கள்.

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் எரிபொருள் குழாயையே மூட நேர்ந்தது. கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டவர்கள் நுழைந்த வழி, யாரும் பயன்படுத்தாமல் மூட மறந்த ஒரு பழைய லாகின். பாஸ்வேர்ட் சிக்கலானதுதான் என்று நிறுவனத்தின் தலைவர் செனட் சபையில் சொன்னார். ஆனால் அது ஏற்கெனவே கசிந்த குவியலில் கிடந்தது, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. கொடுத்த மீட்புத் தொகை 44 லட்சம் டாலர். அலுவலகத்துக்கு வைத்த பாஸ்வேர்டை ஷாப்பிங் தளத்துக்கும் வைக்காதே என்று சொல்வது இதற்காகத்தான்.

90 நாளுக்கொருமுறை மாற்று, ஆச்சரியக்குறி சேர் என்ற விதிகளுக்கு மட்டும் எனக்கு மரியாதை குறைவு. 2003ல் அமெரிக்க அரசு நிறுவனத்துக்காக அவற்றை எழுதிய பில் பர், ஓய்வுபெற்ற பிறகு 2017ல், எழுதியதற்காக வருந்துவதாகச் சொன்னார். மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுகிறார்கள், அவ்வளவுதான். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைப்பது மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் அவசரத்தில் தப்பான லிங்க்கை அழுத்திவிடுவீர்கள். அழுத்தினால் அந்த நிமிஷமே ஐ.டி. டீமுக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். டீம் லீடர்களுக்கு ஒரு வார்த்தை: அப்படி வந்து சொல்லும் பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த பிள்ளை மறைப்பான், உங்களுக்கு விஷயம் தெரிய மாதங்கள் ஆகும்.